பளிங்கில் படிந்த பழுப்பு

அத்தியாயம் 5

உயிரோடு இருந்தவரை ராவ் சாகிப் எட்வின் ஞானமுத்து ஐந்தடி மூன்றங்குலம்தான். செத்த பிறகு ஏழடியாகிவிட்டார். கன்டோன்மென்ட் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களின் கற்களெல்லாம் இடுப்பளவோடு அடங்கிக் கிடக்க, அவருடைய வெள்ளைப் பளிங்குப் பலகை மட்டும் கருங்கல் மேடைமேல் விறைத்து நின்றது. வெயில் நாட்களில் அதன் நிழல் ஒரு பாண்டு வாத்தியக்காரரையும் இரண்டு நர்ஸுகளையும் தாண்டி, பெயர் அழிந்துபோன ஒரு ஜட்காக்காரரின் தலைமாட்டில் போய் விழும்.

அன்று நிழல் இல்லை. 1937 அக்டோபர் கடைசி வாரம். விடிந்ததிலிருந்து பெங்களூர்த் தூறல், பெய்யவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல். பலகையின் முன்னால் மூன்று பேர் இரண்டு குடைகளின் கீழ் நின்றார்கள்.

பெரிய குடைக்குச் சொந்தக்காரர் ஹெர்பர்ட் ஞானமுத்து. செத்தவரின் தம்பி. கல்லறைத் தோட்டக் கமிட்டியின் செயலாளர். எதிரே நிற்பது ஒரே ஆளானாலும் நூறு பேருக்குக் கேட்கிற குரல்.

"பாருங்கள், மிஸ்டர் அனந்தபத்மநாபன்! கறை! களங்கம்! எங்கள் குடும்பத்தின் முகத்தில் வீசிய திராவகம்!"

சின்னக் குடையின் கீழ் இருந்த அனந்தபத்மநாபன் பார்த்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் வந்து பல வருஷமாகிறது. சர்க்காரில் கட்டட ஓவர்சியராக முப்பத்தொரு வருஷம் ஊர் ஊராகப் போய், சுவரைப் பார்த்து ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அதில் எந்த வருஷம் என்று தெரியாமல் உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. காப்பி சூடாக இருந்தால் சூடு என்று தெரியும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் யோசிப்பார். பென்ஷனுக்குப் பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்ததும் ஆசையால் அல்ல. காலையில் எழுந்தால் எங்கேயாவது போய் எதையாவது பார்த்தாக வேண்டியிருந்தது.

அவருடைய முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திருடன் மூன்று தெரு தாண்டிவிடுவான் என்பது டோரீனின் கருத்து. ஆகவே ஆபீசில் அவர் ஏ.பி. டோரீன் அவருடைய டைப்பிஸ்ட், உதவியாளர், கன்டோன்மென்ட் பக்கத்து வழிகாட்டி, எல்லாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வயது. அவள் வாய்க்குப் பயந்து இரண்டு மாப்பிள்ளைகள் மதராசுக்கே திரும்பிப் போய்விட்டதாகப் பேச்சு.

பளிங்கின் மேல் மூன்று வரிகள் மட்டும் புதிதாக வெட்டியதுபோல் பளிச்சென்றிருந்தன: புனித நினைவுக்கு, ராவ் சாகிப் பட்டத்தோடு பெயர், உப்பு இலாகாவில் வகித்த பதவி. அதற்குக் கீழே கல் சர்க்கரைக் கட்டிபோல் சொரசொரத்து, இளம்பழுப்பு ஏறி, எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. அடியில் எழுத்தே இல்லை.

"ஒரே இரவில் நடந்த அக்கிரமம்!" என்றார் ஹெர்பர்ட். "போன டிசம்பரில் நானே திரை விலக்கித் திறந்துவைத்தபோது பால் மாதிரி இருந்தது. போன வாரம் வந்து பார்த்தால் இந்தக் கோலம்."

"நடுவில பத்து மாசம் வந்து பார்க்கலையா, அங்கிள்?" என்றாள் டோரீன்.

"எனக்குப் பொறுப்புகள் இருக்கின்றன."

"திராவகம் வீசினவன் மேல் மூணு வரியை ஏன் விட்டுட்டான்?" என்று கேட்டார் ஏ.பி.

"அண்ணனுடைய பெயர், ஐயா! அதைத் தொட அந்தப் பாதகனுக்கே கை நடுங்கியிருக்கும்."

"ஆசிட்டுக்கே மரியாதை தெரிஞ்சிருக்கு," என்றாள் டோரீன். "ராவ் சாகிப்னா சும்மாவா?"

பாதகன் யார் என்பதில் ஹெர்பர்ட்டுக்குச் சந்தேகமே கிடையாது. தோட்டத்துக் கல்தச்சன் ஓஸ்வால்ட். அவன் கொட்டகையில் திராவக பாட்டில் அகப்பட்டிருக்கிறது. காரணமும் உண்டு. போன மாதம் ஹெர்பர்ட் வாசலில் நுழைந்தபோது ஓஸ்வால்ட் எழுந்து நிற்கவில்லை.

"என்ன பண்ணிண்டிருந்தான்?" என்றார் ஏ.பி.

"சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அது வேறு விஷயம். கமிட்டி அவனை நீக்கிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிறகு போலீஸ். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறே நாள். ஊரே மெழுகுவர்த்தியோடு வந்து இதைப் பார்க்கும். அதற்கு முன்னால் குற்றவாளி உள்ளே இருக்க வேண்டும். உங்களிடம் எனக்கு வேண்டியது ஓர் அறிக்கை. கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, எழுதினால் போதும்."

இந்த வாக்கியத்தை ஏ.பி. முப்பத்தொரு வருஷம் கேட்டிருக்கிறார். தலையாட்டினார். பிறகு பளிங்கின் முன் குந்தி உட்கார்ந்து அடிப்பக்கத்தைத் தடவினார். நடுவில் விரல் லேசாக இறங்கியது. தேய்ந்த அம்மிபோல ஒரு குழிவு.

"மொத்தம் எத்தனை வரி?"

"பன்னிரண்டு! பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் போல. நானே இயற்றியது." ஹெர்பர்ட் விரல் மடக்கினார். இரண்டு மன்னர்களின் பதக்கம் வந்தது. ஏழைகளின் தோழன் வந்தது. பாட்மின்டன் சங்கத்தின் நிரந்தரத் துணைத்தலைவர் வந்தது. பதினோராவது விரலுக்குப் பிறகு குரல் தணிந்தது. "பன்னிரண்டாவது ஒன்றுமில்லை. குடும்ப விஷயம்."

ஏ.பி. மேடைக்கும் பளிங்குக்கும் நடுவில் இருந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மூன்று சின்னச் செடிகள். ஒன்று ஒரு சாண், ஒன்று விரல் நீளம். மூன்றாவது இப்போதுதான் மண்ணை விட்டு எழுந்து, பிளந்த கொட்டையைத் தலையில் குல்லாய்போல் வைத்துக்கொண்டிருந்தது.

"டோரீன், இது என்ன செடி?"

"புளியங்கன்னு சார். இது கூடவா டிபார்ட்மென்ட்ல சொல்லித் தரலை?"

"இந்தத் தோட்டத்தில புளியமரம் எங்கே இருக்கு?"

டோரீன் சுற்றிப் பார்த்தாள். சவுக்கு இருந்தது, செண்பகம் இருந்தது, மதில் ஓரம் ஒரு கொய்யா இருந்தது. புளியமரம் இல்லை.

"சரி," என்றார் ஏ.பி. "பாட்டிலைப் பார்ப்போம்."

*

ஓஸ்வால்டின் வீடு தோட்டத்து மதிலோடு ஒட்டின ஓட்டுச் சாய்ப்பு. பக்கத்தில் தகரக் கொட்டகை. வீட்டுச் சாமான்கள் ஏற்கெனவே பாதி வெளியே வந்திருந்தன. தூறலில் நனையாமல் இருக்க அவன் மனைவி பாய்ச்சுருளின்மேல் கோணியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். கூடைக்கு அடியில் ஒரு கோழி. நான்கு பிள்ளைகள் கோழியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஓஸ்வால்ட் எழுந்து நின்றான். ஆறடிக்குக் குறையாத ஆள். கொட்டகைக் கூரை இடித்ததால் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"எங்க போகப்போறே?" என்றாள் டோரீன்.

"நீலசந்திராவுல மச்சான் வீடு இருக்குது மேடம். ஒரே ரூம்பு. அவங்களே ஏழு பேர்." அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. நாள் முழுக்கக் கல் சுமந்தவனின் குரல் மாதிரி இருந்தது.

ஏ.பி. அலமாரியைப் பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து எதற்கு என்று கேட்டார். அதைக் கேட்டதும் ஓஸ்வால்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. விளக்கெண்ணெய்க் கறைக்குச் சீமைச் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் பிசைந்து அப்பி, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். கறையைக் கல்லிலிருந்து மாவு குடித்துவிடும். மெழுகுக்குப் பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டி. கம்பித் துருவுக்குக் கெமிஸ்ட் கடை உப்பு. பாசிக்குப் பிளீச்சிங் பவுடர்.

"வெத்தலை எச்சிலுக்கு?" என்றாள் டோரீன்.

"அதுக்கு முதல்ல துப்புனவனைத் திட்டணும் மேடம். அப்புறம்தான் மருந்து."

"ஆசிட் எதுக்குப்பா?" என்றார் ஏ.பி.

"கருங்கல்லுல சிமிட்டி தெறிச்சா எடுக்கறதுக்கு. கருங்கல்லை அது ஒண்ணும் பண்ணாது. பளிங்குல ஒரு சொட்டு விழுந்தா குழி." அவன் ஒரு பளிங்குச் சில்லை எடுத்து ஒரு சொட்டு விட்டான். உஸ்ஸென்று நுரைத்து, கீழே வழிந்து, வழிந்த தடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது.

ஏ.பி. கோட்டைப் பார்த்தார். ராவ் சாகிப்பின் பளிங்கில் வழிந்த தடம் ஒன்றுகூட இல்லை. வட்ட வட்டமாகத் தேய்ந்திருந்தது. மேலிருந்து கீழாக மங்கவில்லை. கீழேதான் அதிகம், மேலே போகப் போகக் குறைவு, ஐந்தரை அடிக்கு மேல் சுத்தமாக ஒன்றும் இல்லை.

"கையை மேலே தூக்கு, ஓஸ்வால்ட்."

தூக்கினான். விரல்கள் தகரக் கூரையின் விளிம்பைத் தாண்டி மேலே போய்த் தூறலில் நனைந்தன.

"இவன் செஞ்சிருந்தா ராவ் சாகிப் பட்டம்தான் முதல்ல போயிருக்கும்," என்றார் ஏ.பி. "இது எட்டாத ஆளோட வேலை. ஆசிட் இல்லை, புளி. அதுவும் ஒரு தடவை இல்லை. கன்னு மூணுக்கும் வேற வேற வயசு. மழை ஆரம்பிச்சதிலேருந்து யாரோ வாராவாரம் கொட்டையெடுக்காத புளியும் நாரும் கொண்டுவந்து, பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்ச்சிருக்கா. கல்லுல இருக்கற பழுப்பு புளியோடது."

டோரீன் விசிலடிக்க வாயைக் குவித்து, கல்லறைத் தோட்டம் என்று நினைவு வந்து நிறுத்தினாள்.

"யார் தேய்ச்சதுன்னு உனக்குத் தெரியும்," என்றார் ஏ.பி. ஓஸ்வால்டிடம்.

ஓஸ்வால்ட் தரையைப் பார்த்தான். "நான் பார்க்கலை சார். அந்தக் கல்லு பக்கமே நான் போகக் கூடாதுன்னு ஆர்டர். புல்லுகூடப் புடுங்கக் கூடாது."

"வேலை போறது. வீடு போறது. இன்னும் நாலு மணி நேரத்தில போலீஸ் வரப்போறது."

"நான் சொன்னா யாரு சார் நம்புவாங்க? அவங்க ஒண்ணு சொல்லுவாங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். அவங்களது டைப் அடிச்சிருக்கும்."

டைப் அடிப்பவளான டோரீன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த எழுத்து நீ வெட்டினதுதானே?"

"ஆமா சார். மேல மூணு வரி நல்ல ஆழம். அப்புறம் திறப்பு விழாவுக்கு நாளாச்சுன்னு கீழதெல்லாம் லேசா கீறச் சொன்னாங்க. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. பேப்பர்ல இருந்ததைப் பார்த்து அப்படியே வெட்டினேன்."

"பன்னிரண்டாவது வரியில என்ன இருந்தது?"

"தெரியலை சார். கடைசியில மட்டும் ஒரு நம்பர். பத்தொம்பதுன்னு போட்டுட்டு மீதியைக் காலியா விடச் சொன்னாங்க. ரெண்டு எழுத்து இடம். அதுதான் ஞாபகம்."

ஏ.பி. காற்றில் விரலால் பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் இரண்டு எழுத்து இடம் விட்டார். ஜிலுஜிலுவென்று காற்றடித்தது. அவருக்குக் குளிரவில்லை.

"ரிச்சர்ட்ஸ் டவுன்ல ராவ் சாகிப் வீட்டுக்குப் போகணும்," என்றார். "ஜட்கா பிடி."

*

ஜட்காவில் டோரீன் பாதி வழியில் கண்டுபிடித்துவிட்டாள். "வாராவாரம் வர்ற ஆள், குட்டையான ஆள், கையில புளி. பிரிஜெட் ஆன்ட்டி! ராவ் சாகிப்போட ஒய்ஃப்! எங்க பின் தெருதான் சார். சனிக்கிழமை தவறாம கூடையும் செம்புமா கல்லறைக்குப் போவாங்க. பாவம் சார், புருஷன் கல்லு பளபளன்னு இருக்கணும்னு குத்துவிளக்கு மாதிரி தேய்ச்சிருக்காங்க. தெரியாம. அன்பினால சேதம். கேஸ் முடிஞ்சுது."

"ம்," என்றார் ஏ.பி.

"அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்? ஆமாவா, இல்லையா?"

"பார்க்கலாம்னு அர்த்தம்."

"கவர்மென்ட் ‘ம்’."

வீட்டுக்குள் பித்தளை மட்டும்தான் ஒளிவீசியது. மெழுகுவர்த்தித் தண்டுகள், தாம்பாளம், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மன்னர்களின் பதக்கம். மற்றதெல்லாம் மங்கல். பிரிஜெட் அம்மாள் ஐம்பது வயதுக்காரி, டோரீனின் தோளுக்கு வருவாள். கறுப்பு ரவிக்கை, வெள்ளைச் சேலை. விரல் நுனிகள் வெடித்து வரிவரியாக இருந்தன.

"உட்காருங்க," என்றாள். யார், எதற்கு என்று கேட்கவில்லை. ஏ.பி.க்கு அந்தக் குரல் பழக்கமானதாக இருந்தது. எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசித்தார். தன் தொண்டையிலேயே கேட்டிருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"கல்லறைப் பளிங்கை நீங்க புளி போட்டுத் தேய்க்கறேள்," என்றார்.

"ஆமாம்."

டோரீன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, பயந்துட்டோம்! உங்க மேல தப்பே இல்லை. பளிங்குக்குப் புளி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாது, இல்லையா? நாங்க கமிட்டில சொல்லிடறோம்."

"தெரியும்," என்றாள் பிரிஜெட்.

வாசலில் ஜட்காக் குதிரை தும்மியது. டோரீன் ஏ.பி.யைப் பார்த்தாள். அவர் முகம் எப்போதும்போல் வெறும் சுவராக இருந்தது.

"முதல் தடவை தெரியாது," என்றாள் பிரிஜெட். "அவர் பதக்கத்தை எல்லாம் புளியிலதான் தேய்ப்பேன். கல்லும் அப்படித்தான்னு நினைச்சேன். ஓஸ்வால்ட் எங்கிருந்தோ பார்த்துட்டு ஓடிவந்தான். ‘அம்மா, கருங்கல்லுக்கு என்ன வேணா போடுங்க, பளிங்குக்குப் புளிப்பு ஆகாது, எழுத்து போயிடும்’னான். எந்த எழுத்து போகும்னு கேட்டேன். எது மேல தேய்க்கிறீங்களோ அதுன்னான்."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் மணலும் சேர்த்து எடுத்துட்டுப் போனேன்."

"கடைசி வரிக்கு," என்றார் ஏ.பி.

அவள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க படிச்சீங்களா? அது போய் ரெண்டு மாசம் ஆகுதே."

"படிக்கலை. பத்தொம்பதுன்னு போட்டு ரெண்டு எழுத்து காலியா விட்டிருந்ததா ஓஸ்வால்ட் சொன்னான். செத்தவாளுக்குக் காலியா விட மாட்டா."

டோரீன் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"டிசம்பர்ல திரையை எடுத்தாங்க," என்றாள் பிரிஜெட். கடையில் வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட் சொல்வதுபோல் சொன்னாள். "எல்லாரும் கைதட்டினாங்க. அவரோட பெருமையெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில என் பேர். பிரிஜெட், அவருடைய விதவை, பிறப்பு 1887, இறப்பு 19, அப்புறம் காலி. ஹெர்பர்ட் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. பக்கத்துல இருந்தவங்க, ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. நானும் நல்லா இருக்குன்னேன். வீட்டுக்கு வந்து கையைக் கிள்ளிப் பார்த்தேன். வலிக்கலை. கல்லுல போட்டது சரிதான் போலிருக்குன்னு விட்டுட்டேன்."

"ஆன்ட்டி..."

"சனிக்கிழமை போவேன். என் பேருக்கு முன்னாடி நிப்பேன். பூ வெக்கறதா வேண்டாமான்னு தெரியாது. கல்லறையில கறை ஏதாவது இருந்தா ஓஸ்வால்ட் வந்து எடுப்பான். இதை யார்கிட்ட போய் எடுக்கச் சொல்றது? நானேதான் எடுக்கணும். தேய்ச்சுப் பழகின கை, பக்கத்து வரிக்கும் போயிடுச்சு. பாட்மின்டன் சங்கம் போனதுக்கு நான் வருத்தப்படலை."

"ஓஸ்வால்டை நீக்கினதை உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார் ஏ.பி.

"எதுக்கு நீக்கினாங்க?"

ஏ.பி. சொன்னார். அஞ்சு மணி, கோழிக்கூடை, நான்கு பிள்ளைகள், போலீஸ். சுருக்கமாகத்தான் சொன்னார்.

பிரிஜெட் அம்மாள் ஆணியில் மாட்டியிருந்த கணவரின் குடையை எடுத்தாள்.

*

நாலரை மணிக்குப் பளிங்கின் முன்னால் கமிட்டி கூடியிருந்தது. ஹெர்பர்ட், காது மந்தமான இரண்டு மெம்பர்கள், நடுவில் பங்குச் சாமியார். பாதையில் ஓஸ்வால்டின் குடும்பம் மூட்டைகளோடு தயாராக நின்றது. நீலசந்திராவுக்குக் கைவண்டி வந்துவிட்டது.

"அறிக்கை?" என்று கை நீட்டினார் ஹெர்பர்ட்.

ஏ.பி. ஒரு காகிதத்தைக் கொடுத்தார். ஜட்காவில் எழுதியது. ‘பார்வையிட்டேன். திராவகம் அல்ல, புளி. ஓஸ்வால்ட் அல்ல’ என்று இருந்தது. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் எவ்வளவோ எழுதியிருக்கிறார். இவ்வளவு நீளமான உண்மை எழுதியதில்லை.

"புளியா? யாருடைய புளி?"

"என்னோடது," என்றாள் பிரிஜெட்.

ஹெர்பர்ட் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டபின் சாமியாரிடம் திரும்பி, "அண்ணி துக்கத்தில் பேசுகிறார்கள்," என்றார். பிறகு ஏ.பி.யின் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய், தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே ஒருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். "குடும்ப மானம், ஐயா. தீர்மானம் நிறைவேறி மினிட்ஸும் எழுதியாகிவிட்டது. கல்தச்சனுக்கு எங்கே போனாலும் கல் கிடைக்கும். உங்கள் காகிதத்தில் அந்த ‘அல்ல’ இரண்டை மட்டும் எடுத்துவிடுங்கள்."

"எழுதிட்டேனே," என்றார் ஏ.பி.

"வேறு எழுதலாமே?"

"எழுதலாம். இது என் முதல் காகிதமா இருந்தா எழுதியிருப்பேன். அந்த மாதிரி எழுதி எழுதிப் போதும்னு ஆயிடுத்து."

இதற்குள் பிரிஜெட் கிட்டே வந்துவிட்டாள். "போலீசைக் கூப்பிடு, ஹெர்பர்ட். ஓஸ்வால்ட் எதுக்கு? நானே வரேன். ஸ்டேஷன்ல பேர் கேப்பாங்க இல்ல? பிரிஜெட் ஞானமுத்து, பிறப்பு 1887, இறப்பு 19, மீதி காலின்னு சொல்றேன். யார் போட்டதுன்னு கேட்டா மைத்துனர்னு சொல்றேன். ராவ் சாகிப்பம்மா சொன்னா எழுதிப்பாங்க."

காது மந்தமான மெம்பர் ஒருவர், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். டோரீன் அவர் காதருகே குனிந்து, உரத்த குரலில், ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். கைவண்டிக்காரன்கூடக் கேட்டுக்கொண்டான்.

"ஹெர்பர்ட்," என்றார் சாமியார், "உயிரோட இருக்கிற மனுஷியை ஏன் கல்லுல எழுதினே?"

ஹெர்பர்ட் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "பதினொன்றுதான் வந்தது, சாமி. அண்ணனுடைய சாதனைகள் பதினொன்றோடு நின்றுவிட்டன. பன்னிரண்டு இருந்தால்தான் பலகைக்கு அழகு. மனதில் வேறு ஒன்றும் இல்லை."

அது உண்மை என்று ஏ.பி.க்குப் பட்டது. ஹெர்பர்ட்டின் மனதில் வேறு எதுவுமே இருந்ததில்லை.

சாமியார் கையை நீட்டினார். ஹெர்பர்ட் சட்டைப்பையிலிருந்து நீக்கல் உத்தரவை எடுத்தார். கொடுப்பதா என்று பளிங்கை ஒருதரம் பார்த்தார். ‘ராவ் சாகிப்’ ஐந்தரை அடிக்கு மேலிருந்து அவரைப் பார்த்தது. கொடுத்துவிட்டார். சாமியார் அதை நான்காகக் கிழித்து, போட இடமில்லாமல் அங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

யாரும் சந்தோஷப்படவில்லை. ஓஸ்வால்டின் மனைவி பாய்ச்சுருளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். பிள்ளைகள் கோழிக்கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டன. கைவண்டிக்காரன் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ஏ.பி. தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். அசைந்த மாதிரியும் இருந்தது, தூறல் மாதிரியும் இருந்தது.

ஓஸ்வால்ட் பளிங்கின் முன் வந்து நின்றான். பத்து மாதத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டான். உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினான்.

"திருநாளுக்குள்ள சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார் சாமியார்.

"பழுப்பு மட்டும் எடுக்க முடியாது சாமி. தோலு போயிடுச்சு. முழுசா இழைக்கணும். அப்படி இழைச்சா..." அவன் மேலே பார்த்தான். "மேல இருக்கறதும் சேர்ந்து போயிடும். ராவ் சாகிப் பட்டமெல்லாம்."

ஹெர்பர்ட்டின் வாய் திறந்தது. சாமியார் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"இழை," என்றாள் பிரிஜெட்.

"இழைச்சப்புறம் என்னம்மா வெட்டறது?"

ஹெர்பர்ட்டின் கை உள்பைக்குப் போனது. அவரிடம் எப்போதும் ஒரு நகல் இருக்கும். அவள் அதைப் பார்க்கவில்லை.

"எட்வின் ஞானமுத்து. பிறந்த வருஷம். இறந்த வருஷம்."

"அவ்வளவுதானாம்மா? ஏழடிக் கல்லு. மூணு வரி போட்டா மீதி எடமெல்லாம் சும்மா கிடக்குமே."

"கிடக்கட்டும்."

"எழுத்து இல்லாத கல்லுல பாசி சீக்கிரம் ஏறும்மா. மழைக்காலத்துல பச்சையா ஆயிடும்."

"ஆகட்டுமே," என்றாள் பிரிஜெட். "தேய்க்கத்தான் நீ இங்கேயே இருக்கியே."